அண்ணன் பூசிய இத்தாலி அறை

என் அண்ணன் பாளையங்கோட்டையில் வக்கீல். யாரோ ஒரு துரை வீட்டு ஆங்கிலப் பத்திரிகையில் இத்தாலி நாட்டுக் குடியானவர் வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று பிடித்தது பித்து. இத்தாலி எந்தப் பக்கம் என்று கேட்டால் மேற்கே கை காட்டுவார், அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

திருநெல்வேலியில் பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வீடு வெள்ளை அடிப்பார்கள். அண்ணனோ முன்னறைக்கும் தெருச் சுவருக்கும் சுண்ணாம்பே ஆகாது என்றுவிட்டார். திசையன்விளைச் செம்மண்ணை வண்டியில் வரவழைத்து, ஆற்று மணலோடு குழைத்து, விரல் தடம் தெரியத் தானே பூசினார். சாமி படங்கள் உள்ளே போயின. உத்தரத்தில் பூண்டும் மிளகாயும் சரம் சரமாகத் தொங்கின. படத்தில் சாராயப் பீப்பாய் இருந்த மூலையில் அம்மாவின் ஊறுகாய்ச் சாடி வந்து உட்கார்ந்தது.

"இத்தாலியில சுண்ணாம்பு கெடைக்காதாலே?" என்று அம்மா கேட்டாள்.

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. தை பிறந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

அம்பாசமுத்திரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா இல்லாத வீடு, அண்ணன்தான் எல்லாம். இது தட்டிப்போனால் தூத்துக்குடியில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்துவிடலாம் என்று மாமா காத்திருந்தார். அந்த மனிதருக்கு என் அம்மா வயது. நான் வேண்டாத தெய்வமில்லை.

பையனின் அப்பாவும் சித்தப்பாவும் வாசலிலேயே தயங்கினார்கள். உள்ளே வந்து சுவரைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தணிந்த குரலில் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பேச்செடுக்காமல் பெண் வீட்டார் எப்படித் தொடங்குவது? கோர்ட்டில் முழங்குகிற அண்ணனும் மழையைப் பற்றியே பேசினார். அல்வாத் தட்டு வருவதற்குள் இருவரும் எழுந்து, 'போயிட்டு வாறோம்' என்றுகூடச் சொல்லாமல் தெருவில் இறங்கிவிட்டார்கள்.

"ஒன் இத்தாலி ஏம் பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டுலே!" என்று அம்மா அழுதாள். நான் அண்ணனோடு பேசுவதை நிறுத்தினேன்.

சில நாள் கழித்து அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. அரிசியும் வாழைக்காயும் இறக்கி வைத்த வண்டிக்காரர், "துட்டி வீட்டுல குடுத்துட்டு வரச் சொன்னாவ. யாரு தாயி தவறிட்டாவ?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் யாரும் தவறவில்லையே என்று குழம்பினோம். அம்மாதான் முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பொங்கலுக்கு வெள்ளை அடிக்காத வீடு துட்டி வீடு, அதாவது சாவு விழுந்த வீடு. அங்கே கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள், போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளவும் மாட்டார்கள். அவமானம் என்று நாங்கள் அழுததெல்லாம் அவர்கள் காட்டிய மரியாதை.

அண்ணன் அடுத்த ரயிலுக்கு ஓடினார். பையனின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தாராம். "சுவத்துக்கு வெள்ளை அடிச்சிட்டுச் சொல்லி விடும் வே, வாறோம்" என்றாராம்.

மறுநாள் காலையில் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுண்ணாம்பு கலக்கினார். அந்த முரட்டுச் சுவர் சுண்ணாம்பைக் குடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு விரல் தடமாக மறைந்தது.

"ஆள் வச்சு அடிக்கக் கூடாதா அண்ணா?" என்றேன்.

"ஏட்டி, நான் ஆசையாப் பூசினது. இன்னொருத்தன் அழிச்சாப் பாக்க மனசு வராது" என்றார், திரும்பாமல்.

தரையில் கிடந்த இன்னொரு வெள்ளையடிக்கும் மட்டையை எடுத்துச் சுண்ணாம்பில் முக்கி, அவர் பக்கத்தில் போய் நின்று அடிக்கத் தொடங்கினேன்.