சுபத்ராவுக்கு ரத்தம் ஏன் ஏறவில்லை

ரஞ்சிதம் யாரையும் லேசில் நம்பமாட்டாள். பறித்த தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில்கூடத் தராசைத் தானும் ஒருமுறை எட்டிப் பார்த்தால்தான் அவளுக்கு மனம் ஆறும். கணவன் போன பிறகு ஒற்றை ஆளாய் மகளை வளர்த்தவள். ஏமாந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை என்ற பயம் அவளுக்கு.

மகள் சுபத்ரா ஓட்டக்காரி. எஸ்டேட் மேட்டுப் பாதையில் ஓடி ஓடியே மாநில அணித் தேர்வு வரை வந்துவிட்டாள். சில மாதங்களுக்கு முன் பயிற்சியில் தலை சுற்றி விழுந்தாள். மலையூரான தானா ராத்தாவின் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து, இரும்புச் சத்து அடிமட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். கடுமையாக ஓடும் பெண்களுக்கு இப்படிக் குறைவது உண்டாம். மாத்திரை கொடுத்து, சாப்பிட்டதும் போடச் சொன்னார்கள். தேர்வுக்குமுன் மறுபடி ரத்தப் பரிசோதனை. அளவு ஏறாவிட்டால் ஓட விடமுடியாது என்று பயிற்சியாளர் மகேன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

மாத்திரை சுபத்ராவின் வயிற்றைப் புரட்டியது. ஒருநாள் அவள் முகம் சுளித்ததைப் பார்த்ததும், இவள் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறாளோ என்று ரஞ்சிதத்துக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. அன்று முதல் காவல்தான். தட்டில் சோறும் கீரையும் தீர்ந்ததும் மாத்திரையைத் தன் கையாலேயே நீட்டுவாள். கூடவே பால் ஊற்றாத தே ஓ, கறுப்பாய், கோப்பை நிறைய. எஸ்டேட் லயத்து வீடுகளில் சோற்றோடு தேநீர் குடிக்காதவர் யார்? மலைக்குளிரில் வெறுந்தண்ணீர் யாருக்கு இறங்கும்? விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்வாள். வேலைக்குப் போகும் வயதுப் பெண் சின்னப் பிள்ளையைப்போல வாயைத் திறந்து காட்டுவாள்.

பரிசோதனை முடிவு வந்தது. அளவு ஏறவே இல்லை. மகேன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கிளினிக் தாதி இருப்பதையும் பாராமல் ரஞ்சிதம் பொங்கினாள்.

"வாய்க்குள்ள எங்கடி ஒளிச்சு வச்ச? என் கண்ணு முன்னாடியே என்னை ஏமாத்திட்டல்ல?"

"போட்டேம்மா" என்றாள் சுபத்ரா.

மாத்திரையை எதோடு விழுங்குகிறாள் என்று தாதி கேட்டார். சூடாகத் தே ஓ கலக்கித் தானே கொடுப்பதை ரஞ்சிதம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். தாதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். தேநீரின் துவர்ப்பு கீரையிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சரியாகச் சேர விடாது என்றார். முழுக் காரணமும் அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. டாக்டர் மறுபடி பார்ப்பார். ஆனால் இனி சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் பக்கத்தில் தேநீரே வேண்டாம், ஓரிரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும், மாத்திரையோடு கொய்யாவோ ஆரஞ்சோ தின்னட்டும்.

இந்த வருடத் தேர்வு போயிற்று. அதைக் கெடுத்த கை ரஞ்சிதத்துடையது.

பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் ரஞ்சிதம் வாயைத் திறந்தாள்.

"நாந்தான்டி உன் ஓட்டத்தக் கெடுத்துட்டேன்."

"ஓட்டம் அடுத்த வருஷமும் வரும்லா" என்றாள் சுபத்ரா. அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் ரஞ்சிதத்தைக் கொன்றது. "தினமும் வாயத் தொறந்து காட்டுனேனே. ஒரு நாளாச்சும் என்னை நம்புனியாம்மா?"

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"இல்லடி" என்றாள்.