மூன்றாம் கசெற்

ஆறு பாட்டு, இரண்டு கசெற் ரெக்கோடர், ஒரு மைக், நான்கு திருகிகள் உள்ள ஒரு சின்ன மிக்சர். எண்பதுகளின் நடுவில் வேலணையில் எங்கள் முன்னறையில் இருந்த ஒலிப்பதிவுக் கூடம் அவ்வளவுதான். ரெக்கோடர்களில் ஒன்று என்னுடையது. மற்றது என் நண்பனுக்கு அவனுடைய தமையன் சவூதியிலிருந்து அனுப்பியது. இருவரும் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். நான் கணிதம், அவன் சங்கீதம்.

இப்போது கணினியில் இருபது குரல்களைத் தனித்தனியே வைத்து, பிடிக்காததைப் பிறகு மாற்றலாமாம். எங்களுக்கு அந்தச் சலுகை இருக்கவில்லை. முதல் கசெற்றில் என் ஹார்மோனியம் மட்டும். அதை ஓடவிட்டு நண்பன் பாட, இரண்டும் மிக்சர் வழியாகப் போய் மற்ற ரெக்கோடரில் இரண்டாம் கசெற்றாக விழும். அந்த இரண்டாவதை ஓடவிட்டு என் மனைவி பாட, எல்லாம் சேர்ந்து மூன்றாம் கசெற். ஒவ்வொரு படியிலும் நாடாவின் இரைச்சல் கூடும், முதலில் பதிந்தது மங்கும். அதனால் மெல்லிய குரலைக் கடைசியில் வைத்தேன். கடைசியில் விழுவதுதான் புதிதாக நிற்கும். அந்தக் குரலுக்கு இடம் வேண்டுமென்றால் மற்றதைக் குறைக்கவேண்டும். எல்லாத் திருகியையும் ஏற்றினால் மிஞ்சுவது சத்தம் மட்டுமே. இதைப் பிடிக்க எனக்கு எட்டுக் கசெற் பாழாயிற்று.

மனைவி பள்ளிக்கூட நாளில் மேடையில் பாடியவள். கலியாணத்துக்குப் பிறகு அவள் பாட்டைக் குசினிச் சுவர்கள்தான் கேட்டன. இந்த ஆறு பாட்டும் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் போகும் என்று நிர்வாகசபை ஒத்துக்கொண்டதும், நெடுந்தீவில் வாழ்க்கைப்பட்டிருந்த தன் அக்காவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். அவள் எதற்கும் அப்படிச் சொல்லி அனுப்பியதை நான் கண்டதில்லை.

சன்னல்களில் சாக்குத் தொங்கவிட்டு, கோழிகளைத் துரத்திவிட்டுப் பதிந்தோம். அவள் மைக்குக்கு ஒரு முழம் தள்ளியே நின்றாள்.

"தங்கச்சி, அது கடிக்காது. கிட்ட வாரும்," என்றான் நண்பன்.

அவளை அவன் எப்போதும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். அதையும் நான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

பதிவு முடிந்ததும் யாழ்ப்பாணத்தில் பிரதி எடுத்து ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுப்பதாகச் சொல்லி, இரண்டாம் மூன்றாம் கசெற்றுகளை அவன் கொண்டுபோனான்.

திருவிழா அன்று அக்கா வள்ளத்தில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, பஸ் பிடித்துக் கோயிலுக்கு வந்துசேர்ந்தாள். பனையில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயின் கீழே மூவரும் நின்றோம். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது.

"எடியே, இதிலை நீ எங்கையடி?" என்றாள் அக்கா.

மனைவி என்னைப் பார்த்தாள்.

"குழாய் அப்பிடித்தான். மெல்லிசுக் குரலை விழுங்கிப்போடும்," என்றேன். அப்போது அதை நானும் நம்பினேன்.

மூன்றாம் பாட்டில்தான் என் ஹார்மோனியம் காதில் உறைத்தது. மூன்றாம் கசெற்றில் அது போர்வைக்குள் இருந்து வருவதுபோல் மங்கியிருக்கவேண்டும். இதுவோ பளிச்சென்று கேட்டது. இரைச்சலும் குறைவு. நிர்வாகசபைக்காரர் ஒருவர் போகிறபோக்கில், "மாஸ்டர், கண்ணாடி மாதிரிக் கிடக்கு!" என்று பாராட்டிவிட்டுப் போனார். படி ஏறிய நாடா திரும்பத் துலங்காது. மேலே ஓடிக்கொண்டிருந்தது அவள் குரல் சேருமுன் பதிந்த இரண்டாம் கசெற்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "என்ரை குரல் அவ்வளவு மெல்லிசோ?"



அடுத்த நாள் ஆசிரியர் அறையில் நண்பனைப் பிடித்தேன். அவன் தடுமாறவே இல்லை.

"ஐசே, மூண்டாவதிலை இரைச்சல் கூட. ஒவ்வொரு படிக்கும் இரைச்சல் ஏறும் எண்டு நீர்தானே சொன்னனீர்?"

"அப்ப என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டால் நீர் விடமாட்டீர். தமையனுக்கும் ஒண்டு அனுப்பினனான். ஒரு குரலா இருந்தால்தான் ஐசே, வெளியிலை எடுபடும்."

"மூண்டாவதைத் தாரும்."

அப்போதுதான் கண்ணைத் தாழ்த்தினான். "வேறை கசெற் இல்லாமல் அந்தரமாப் போச்சு. மருமோள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டை அதுக்கு மேலை பதிஞ்சுபோட்டன்."

ஆறு பாட்டிலும் அவள் குரல் இருந்த ஒரே நாடா அது. அதன் மேலே இப்போது ஆலாத்தியும் பந்திச் சத்தமும்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அப்ப என்ரை குரல் மெசினிலை விழுந்ததுதானே?"

"விழுந்தது."

"நல்லாயோ?"

"மூண்டிலையும் அதுதான் தெளிவு."

மீதித் தேங்காயையும் துருவி முடித்தாள். அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த திருவிழாவுக்கு முன் நண்பன் ஐந்து புதுப்பாட்டோடு வந்து, ஒன்றும் நடவாததுபோல் கதிரையில் இருந்தான். வாசலில் நின்ற என்னை முந்திக்கொண்டு மனைவி தேத்தண்ணியோடு வந்தாள்.

"எங்கடை மெசினிலை இரைச்சல் கூட, அண்ணை," என்றாள். "உங்கடை குரலுக்குச் சரிவராது."

அவன் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். போகும்போது தன் ரெக்கோடரையும் தூக்கிக்கொண்டு போனான். என்னுடையது அலுமாரிக்குள் போயிற்று. ஒரு ரெக்கோடரை வைத்துக்கொண்டு எதையும் எதனோடும் கலக்க முடியாது.