மணி அடித்ததும் நின்றவள்

அக்கா ஓடும்போது அவள் பாதம் மண்ணில் படுவதாகவே எனக்குத் தோன்றாது. பாகூரிலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போட்டிக்குப் போன அன்றும் அப்படித்தான். மைதானத்தை நான்கு சுற்று வர வேண்டும். மூன்று சுற்று வரை அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தியும் இல்லை. வெயிலில் தனியாக மிதந்து வந்தாள்.

கடைசிச் சுற்று தொடங்குவதற்கு மணி அடித்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். அக்கா இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்றுவிட்டாள். நானும் எழுந்து கை தட்டினேன்.

"ஓடுடி! இன்னும் ஒரு ரவுண்டு இருக்குது!" என்று அப்பா கத்தியது அவள் காதில் விழுவதற்குள் எல்லோரும் அவளைக் கடந்து போயிருந்தார்கள்.

வீட்டில் யார் கேட்டாலும், "மணி அடிச்சாங்களே" என்பதற்கு மேல் அவள் பேசவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை. பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், "வாடி" என்று என்னை ஏரிக்குக் கூட்டிப்போனாள். தண்ணீர் வற்றிய இடம் வெளுத்துப்போய், முடிவே இல்லாததுபோலக் கிடந்தது. தூரத்தில் கொக்குகள் நிற்கின்றனவா பறக்கின்றனவா என்றுகூடத் தெரியவில்லை. குச்சிகளை வட்டமாக நட்டாள். அதில் ஒன்றின் அருகே என்னை நிறுத்திச் சுற்றுகளை எண்ணச் சொன்னாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

மூன்று சுற்று ஓடி, என்னிடம் வந்ததும் நின்றாள். முதலிலிருந்து மறுபடி ஓடினாள். மறுபடியும் அங்கேயே நின்றாள்.

"இன்னாக்கா, இன்னும் ஒண்ணு இருக்குது."

"தெரியுதுடி. காலு வரமாட்டேங்குது."

எனக்கோ நின்று நின்று சலித்துப்போயிருந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினேன். அவளும் வந்தாள். எங்கள் நிழல்கள் ஒன்றாகச் சேர்ந்து நீளமாக ஓடின. பாதி வழியில் கையை விட்டுவிட்டு முந்திப் போனேன். கடைசிக் குச்சியை முதலில் தொட்டவள் நான்தான்.

வாசலில் நுழையும்போதே, "அக்காவ நான் ஜெயிச்சுட்டேன்!" என்று கத்தினேன். அம்மா பதறிப்போய் என் வாயைப் பொத்த வந்தாள்.

"ஆமாம்மா," என்றாள் அக்கா. "நான் தோத்துட்டேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு சோறு போடச் சொன்னாள்.

மறு வருஷம் அவள் திரும்பவும் போட்டிக்குப் போனாள். நானோ அந்தக் கோடை முழுக்க, அக்காவைவிட வேகமானவள் நான்தான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்போது எனக்கு எட்டு வயது. 'தோத்துட்டேன்' என்ற அந்த ஒற்றை வார்த்தையைச் சொல்ல முடியாமல்தான் அவள் பத்து நாளாக வாய் மூடிக் கிடந்தாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?