நைனாவின் நாக்கில் வெல்லம் திரும்பி வந்த மதியம்

கருகிய வெல்லப்பாகு, ஊறிய திராட்சை, அடியில் மெல்லிய கசப்பு... மூடியைத் திறந்ததும் ஆந்திர எல்லையில் எங்கள் நகரி வீட்டுக் கூடம் முழுக்க அந்த வாசனை.

இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போய், முதல் லீவில் வந்திருந்தேன். பெட்டியில் புடவைகளுக்கு நடுவே சுற்றி, ஒரே ஒரு பாட்டில். அந்த ஊரின் பழைய வகை பீர்... 'ஏல்' என்பார்கள். கறுப்பாக, கெட்டியாக இருக்கும். போதையும் கொஞ்சம் தூக்கல். குளிர் நாட்களில் ட்யூட்டி முடிந்ததும் தோழிகளோடு உட்கார்ந்து நான் ஆசையாகக் குடித்துப் பழகியது.

நைனாவுக்காகத்தான், என் அப்பாவுக்காகத்தான் கொண்டுவந்தேன்.

நைனா பவர்லூம் ஓட்டுகிறவர். முந்தைய வருடம் வந்த காய்ச்சல் போகும்போது அவருடைய வாசனையையும் ருசியையும் கூடவே கொண்டுபோய்விட்டது. "மெல்ல வரும்" என்றார் டாக்டர். வரவில்லை. கருவாட்டுக் குழம்பும் வெந்நீரும் அவருக்கு ஒன்றுதான். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது.

வீடியோ காலில் அம்மா போனைத் தனியாக எடுத்துப் போய் அழுவாள். "மண்ணு துன்ற மாதிரி துன்றாரும்மா... பாதி சோத்த அப்டியே வெச்சிட்டு எழுந்துடறாரு."

காபி, மிளகு, எலுமிச்சை எல்லாம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. இதையும்தான் பார்ப்போமே என்று ஒரு நப்பாசை.

அம்மாவுக்குக் கோபம். "நர்ஸு வேலைக்கு அனுப்ச்சா பாட்டில் தூக்கிக்கினு வந்துக்கிறியா? அப்பனும் பொண்ணும் ஒக்காந்து குடிக்கப் போறீங்களா?"

"ஒரு வாய்தாம்மா. நீயும் வந்து ஒக்காரு."

கண்ணாடி டம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினேன். பழுப்பு நுரை எழும்பியது.

"சாலு, சாலு" என்று கையால் தடுத்தார் நைனா. தறிக்கூடத்துத் தெலுங்கு. டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கறுப்புக்குள் மாதுளைச் சிவப்பு. "கலர் சோக்கா கீதே!"

"மடக்குனு முழுங்காத நைனா. வாயில வெச்சிக்கினு இரு."

முதல் வாய்... ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார்.

அடுத்த வாய். கண்ணை மூடிக்கொண்டார். தெருவில் தறிச்சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"கசக்குதும்மா..." என்றார் மெதுவாக. "இரு, இரு... கசப்புக்குப் பின்னால வெல்லம் கீது. அடிபுடிச்ச வெல்லம்!"

அம்மா டம்ளரைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். "ஆமாய்யா... வெல்லந்தான்" என்று சொல்லும்போதே உடைந்துவிட்டாள்.

அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் அடுத்து வந்தது புளிப்பு... அப்புறம் உப்பு... கறிவேப்பிலை வாசனை கடைசியாக வந்தது. ஏல்தான் காரணமா, வரவேண்டிய நேரம் வந்ததா, தெரியாது. நர்ஸாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மகளாகக் கேட்கவும் தோன்றவில்லை.

இப்போது நான் திருப்பதியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு ரயிலில் நைனாவும் அம்மாவும் வருவார்கள். போன மாதம் ஒரு தோழி அதே ஏல் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று பேரும் பகிர்ந்து, மெல்ல ரசித்துத்தான் குடித்தோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும்...

"இன்னா நைனா, அன்னிக்கு மாதிரி இல்லியே?"

மசாலா வேர்க்கடலையை மென்றுகொண்டே சிரித்தார்.

"அன்னிக்கு ஒலகத்துல அந்த ஒரு ருசிதாம்மா இருந்துச்சு. இன்னிக்கு எல்லாம் கீதே!"