இடம் போடாத பெயர்கள்

சுனாமி அடித்து மூன்றாவது வாரம். கல்முனையில் ஒரு நிவாரண அலுவலகத்தில், முகாம்களில் இருப்பவர்களின் பட்டியலை அச்சிடும் வேலை எனக்கு. மனைவியையும் மகளையும் என் கையாலேயே அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தேன். கணினிக்கு முன்னால் இருந்தால் யாரும் ஆறுதல் சொல்ல வரமாட்டார்கள் என்றுதான் அந்த வேலையை ஏற்றேன்.

பட்டியலுக்குப் பேர்ள் என்ற கணினி மொழியில் சின்ன நிரல் ஒன்று எழுதியிருந்தேன். முகாமின் பெயர் ஒரு கோப்பில், அச்சிடும் பகுதி இன்னொரு கோப்பில். இரண்டும் அந்தப் பெயரைப் பகிர்ந்துகொள்ள our என்று அறிவித்திருந்தேன். நல்ல கணினியை ஒருநாள் வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மிஞ்சிய கிழட்டுக் கணினியில் இருந்த பழைய பேர்ளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. பிழை காட்டி நின்றுவிட்டது. கேட்க ஆளில்லை. எரிச்சலில் our என்பதை my என்று மாற்றினேன். பிழைச் செய்தி போய்விட்டது. பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பில், வந்த தாளைச் சரியாகப் பார்க்காமலே பள்ளிக்கூடச் சுவரில், முன்பு ஒட்டிய தாள்களுக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

நாலு நாள் கழித்து மருதமுனையிலிருந்து ஒருவர் வந்தார். தன் தங்கையின் கணவர் பொத்துவிலுக்கு உடுக்கிற சாரம் விற்கப் போனவராம். பெயர் பட்டியலில் இருக்கிறதாம், ஜனாஸாவை, அவர் உடலை, எங்கே அடக்கியிருக்கிறது என்று கேட்டார். அது உயிரோடிருப்பவர்களின் பட்டியல். எனக்கு விளங்கவில்லை.

“மத்தப் பேருக்கெல்லாம் இடம் போட்டிருக்கு தம்பி. இடம் போடாத ஆக்கள் மௌத்தானவங்கதானே? தங்கச்சி இத்தா இருக்கா.”

சுவரிலிருந்த தாளைப் பிய்த்துவந்து, நிரலைத் திறந்து பார்த்தேன். my என்று அறிவித்தால் முகாமின் பெயர் அதே கோப்புக்குள் அடைபட்டுப்போகும், மற்றக் கோப்புக்கு வெறுமைதான் கிடைக்கும். use vars என்று எழுதியிருந்தால் பழைய பேர்ளிலும் புதியதிலும் ஓடியிருக்கும். ஒரேயொரு வரி. அதற்காக, உயிரோடிருக்கும் கணவனுக்கு ஒரு பெண் இத்தா என்னும் விதவைக் கடமையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தாள். முகாம் பதிவேட்டின்படி அவர் பொத்துவில் பக்கத்து முகாமில் கால் முறிந்து படுத்திருந்தார்.

விஷயத்தைச் சொல்ல நானே வந்தவரோடு மருதமுனைக்குப் போனேன். கதவுத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, உள்ளே இருந்த தங்கையிடம் பிழை என்னுடையது என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“நாலு நாளும் அவர அடக்கின கபுறுக்குத்தான் அல்லாஹ்ட்ட துஆ கேட்டன்” என்றாள் கடைசியில். “இனி அவர்ட காலுக்குக் கேக்கிறன்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். எவ்வளவு நல்ல செய்தி! வீட்டுக்குப் போய்ச் சொல்ல எனக்கு ஆளில்லை.

இப்போதும் எதை எழுதினாலும் கிடைக்கிற ஆகப் பழைய கணினியில் ஒருமுறை ஓட்டி, தாளில் எங்கே வெறுமையாக இருக்கிறதென்றுதான் முதலில் பார்க்கிறேன். நான் கவனிக்காமல் விட்ட இடத்தில், யாரோ ஒருவர் தன் ஆளின் மரணத்தை வாசித்துவிடக்கூடும்.