மடியில் விழுந்த மீன்

டயகமத் தேயிலைத் தோட்டத்துக் குளக்கரையில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கொழும்பில் கடலிலேயே தூண்டில் போடுகிறவன் நான் என்று மத்தியானம் லயத்து வீட்டில் கதை அளந்துவிட்டேன். அதை நம்பிய தங்கை பார்வதி, குழம்புக்கு மசாலா அரைத்து வைத்துவிட்டு, கணவர் ராமையாவோடு லாந்தரும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். என் தூண்டிலில் இதுவரை பாசிதான் மாட்டுகிறது. குளிரில் பல் தந்தியடிக்கிறது. காற்று சரியில்லை என்கிறேன்.

"கொஞ்சம் இங்க குடுங்கண்ணே" என்று பார்வதி தூண்டிலை வாங்கிக்கொண்டு தண்ணீரோரம் போகிறாள். நான் அவளுக்குப் பின்னால் மேட்டில் உட்கார்ந்து ஆலோசனை சொல்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் சாண் நீள மீன் ஒன்று மேலே வருகிறது. கொக்கியிலிருந்து அதைக் கழற்றுகிறாள். பகலெல்லாம் கொழுந்து பறித்த கை, மீனைத் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுகிறது. அது என் மடியில் வந்து விழுகிறது. பாம்பென்று நினைத்துத் துள்ளி எழுகிறேன். மீன் புல்லில் வழுக்கிக்கொண்டு குளத்துக்கே போய்விடுகிறது.

"முதுகுல கூடை இருக்குன்னு நெனச்சிட்டேன்" என்கிறாள் பார்வதி, கூச்சத்தோடு.

ராமையா லாந்தரைத் தூக்கி என் முகத்தைப் பார்க்கிறார்.

"நாளைக்குக் கூடைய மாட்டிக்கிட்டு வா புள்ள. மச்சான் வீட்டுலயே இருக்கட்டும்."