அக்கா கடையின் பழைய பிரிண்டர்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் அக்கா ஒரு டைப்பிங் கடை திறந்தாள். அதுவரை வேறொருவர் கடையில் சம்பளத்துக்கு மனு அடித்துக்கொண்டிருந்தவள். அங்கே அவளிடம் வேலை கொடுத்துப் பழகிய ஒரு வக்கீல் குமாஸ்தா, அவளை நம்பிப் புதுக் கடைக்கும் வந்துவிட்டார். கடைக்கு வருகிற வேலையில் பாதி அவருடையதுதான். அவர் விலகிப் போனால் அக்கா கடையைச் சாத்திவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாவிட்டால் எனக்குத் தெரியாதா என்ன!

நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். மில்லில் கழித்துவிட்ட பெரிய லேசர் பிரிண்டரை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது நான்தான். "இதுக்கு இனி டிரைவர் சாஃப்ட்வேரே கிடைக்காது, பழைய இரும்புக்குப் போடுங்க" என்று மெக்கானிக் ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். அப்படி யாராவது சொல்லிவிட்டால் எனக்கு வீம்பு வந்துவிடும். அக்காவின் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக ஏற்கெனவே லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். லினக்ஸ் பழைய சாமான்களை அவ்வளவு சுலபமாகக் கைவிடாது.

மாலை வேலை முடிந்ததும் பஸ் ஏறிப் போய், பிரிண்டரைக் கேபிளால் கடையின் இன்டர்நெட் ரவுட்டரோடு இணைத்தேன். பிரிண்டரின் மெனுவில் ஒரு விவரத் தாள் கேட்டால் அதன் நெட்வொர்க் முகவரி எண்ணை அடித்துக் கொடுக்கும். அந்த எண்ணை லினக்ஸில் கொடுத்து, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு டிரைவரைத் தேர்ந்தெடுத்து, தாளின் அளவைக் கோர்ட்டுக்கு வேண்டிய லீகல் அளவுக்கு மாற்றினேன். அழகாக அடித்தது. பால்கோவா வாங்கிக்கொண்டு தலைக்கனத்தோடு வீடு திரும்பினேன்.

காலையில் அக்கா போன் செய்தாள்.

"ஏட்டி, அடிக்க மாட்டேங்கு. பிரிண்டரைக் காணோம்னு வருது. கண்ணு முன்னாலதான் உக்காந்திருக்கு!"

மாலையில் மறுபடி போனேன். பிரிண்டரின் எண் வேறு எதுவாகவோ மாறியிருந்தது. ஒருமுறை அணைத்துப் போட்டதும் பழைய எண்ணுக்கே வந்து, சமர்த்தாக அடித்தது. மறுநாள் காலையில் திரும்பவும் அதே போன். என்னிடம் பசுவாக இருக்கிற பிரிண்டர், அவளிடம் மட்டும் முரண்டு பிடித்தது. குமாஸ்தா வேறு கடையில் அடித்துக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினாராம். "நாளைக்கும் இப்படின்னா எனக்குக் கஷ்டம் தங்கச்சி. வக்கீல் என்னையத்தான் வைவாரு" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதைச் சொல்லும்போது அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

அடுத்த நாள் மில்லில் பெர்மிஷன் சொல்லிவிட்டு, கடை திறக்கும்போதே போய் நின்றேன். அக்கா வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். பிரிண்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, தொட்டுக் கும்பிட்டு, அதன் சுவிட்சைப் போட்டாள். பிறகு சாமி படத்துக்குப் பூ, விளக்கு, பத்தி. பிறகு கம்ப்யூட்டர். எல்லாம் முடிந்து, கடைசியாகத்தான் ரவுட்டர்.

"தினமும் இப்படித்தானாக்கா?"

"பின்ன? சோறு போடுறது அதுதான. அதுக்குப் பொறவுதான் மத்ததெல்லாம். கடையை அடைக்கும்போது மெயினை அமத்திட்டுத்தான் போவேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முகவரி எண்ணைக் கொடுப்பதே ரவுட்டர்தான். பிரிண்டர் எழுந்து எண் கேட்கிற நேரத்தில் ரவுட்டர் அணைந்து கிடக்கிறது. பழைய பிரிண்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானாக ஓர் எண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. பிறகு ரவுட்டர் வந்தாலும் கண்டுகொள்வதில்லை. மாலையில் நான் அணைத்துப் போடும்போது ரவுட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் என்னிடம் அந்தச் சமர்த்து.

"ரவுட்டரை மொதல்ல போடுக்கா. அம்புட்டுதான்."

"வீடியோ பாக்குற டப்பாவுக்கு மொத மரியாதையா? போடி."

மல்லுக்கு நிற்க நேரமில்லை. குமாஸ்தா படியேறிவிட்டார். "ரெடியா தங்கச்சி?" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள்.

நான் பிரிண்டர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். எண்ணை ரவுட்டரிடம் கேட்டு வாங்குகிற வழக்கத்தை மெனுவில் நிறுத்தினேன். ரவுட்டர் வேறு எதற்கும் கொடுக்காத ஓர் எண்ணை, பொத்தானை அழுத்தி அழுத்தி, பிரிண்டரிலேயே நிரந்தரமாக ஏற்றினேன். கம்ப்யூட்டரிலும் அதே எண்ணைக் கொடுத்தேன். பிறகு மெயினையே அணைத்தேன்.

"என்னம்மா பண்ணுத!" என்று குமாஸ்தா பதறினார்.

"செத்த பொறுங்க அண்ணாச்சி. அக்கா, தினமும் போடுற மாதிரியே போடு."

அவள் முதலில் பிரிண்டரைப் போட்டாள். கடைசியில் ரவுட்டர். அதன் விளக்குகள் நிதானத்துக்கு வந்ததும் மனுவை அனுப்பினாள். பிரிண்டர் உறுமியது. ஒவ்வொன்றாகத் தாள்கள் வந்து விழுந்தன. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

குமாஸ்தா தாள்களைப் புரட்டிப் பார்த்து, கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டார். "மத்தியானம் இன்னும் வேலை கொண்டாரேன். வேற யாருக்கும் ஒத்துக்கிடாத, என்ன?" என்று சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்கு நடந்தார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை அக்கா வாசலிலேயே நின்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"இனி நான் அந்தக் கடைக்குத் திரும்பிப் போக வேண்டாம்ல?"

"வேண்டாம்க்கா" என்றேன்.